பாறையோடு ஒட்டி வந்த பவளங்கள்



இந்த அரங்கில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களும் இருக்கிறீர்கள், அப்படி ஒன்றை இதுவரை பார்க்காதவர்களும் இருக்கிறீர்கள். பார்க்காதவர்களுக்காக ஒரு சிறு விளக்கத்தோடு தொடங்குகிறேன்.

கடைகளில் லைவ் ராக் என்ற பெயரில் விற்பதை நாம் உயிர்ப்பாறை என்று சொல்லலாம். செத்த பவளத்தின் சுண்ணாம்புக் கூடோ, சாதாரணச் சுண்ணாம்புக்கல்லோ கடலடியில் பல வருடம் கிடக்கிறது. அதன் மேலும் அதன் ஓட்டைகளுக்குள்ளும் உயிர்கள் குடியேறிவிடுகின்றன. அப்படிக் குடியேறிய பிறகு எடுத்துவந்த துண்டுதான் உயிர்ப்பாறை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள்தான் அதன் முதல் குடிகள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை அவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆக்ஸிஜன் எட்டாத உட்பகுதியில் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விடுகின்றன. ஆகவே இந்தப் பாறைதான் தொட்டியின் சுத்திகரிப்பு நிலையம். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் 1961இல் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழ் ஒன்றில் தன் முறையை எழுதினார். கடலிலிருந்து எடுத்த பாறை, கடல்நீர், வெளிச்சம், மெதுவாக வரும் காற்றுக் குமிழி, இவ்வளவுதான் அவர் பயன்படுத்தியவை. பின்னாளில் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் இதோடு கழிவை நுரையாக வெளியேற்றும் ஸ்கிம்மர் கருவியையும் பலமான விளக்கையும் சேர்த்தார்கள். இன்று உலகமெங்கும் பவளத் தொட்டி வைப்பவர்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் நடக்கிறார்கள்.

பாக்டீரியாவுக்காக வாங்கிய பாறையில் வேறு பலரும் வந்து சேர்கிறார்கள். புழுக்கள், நத்தைகள், கடற்பஞ்சுகள், நண்டுகள், சில சமயம் பவளங்கள். பாறையைத் தொட்டியில் வைத்து மூன்று நான்கு வாரம் ஆனதும், ஒரு மூலையில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று விரிந்து நிற்கிறது. கைப்பேசியில் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்புகிறோம். பத்து நிமிடத்தில் நாலு பெயர் வந்துவிடுகிறது. ஒருவர் அதை உடனே கொன்றுவிடச் சொல்கிறார், இன்னொருவர் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறார்.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்த உயிரை நிறத்தாலும் மொத்தத் தோற்றத்தாலும் அடையாளம் காண முடியாது. எந்தக் கடலிலிருந்து வந்தது, கூடு இருக்கிறதா, வாயைச் சுற்றியுள்ள உணர்நீட்சிகள் எத்தனை, தொட்டால் என்ன செய்கிறது, நாள் போகப் போக எப்படி வளர்கிறது என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். அதைக் கண்டுபிடிக்கும் வரை அதைக் கொல்ல நமக்கு அவசரம் எதுவும் இல்லை.

முதலில் கடலைப் பற்றிச் சொல்கிறேன். பாறை எந்தக் கடலிலிருந்து வந்தது என்று கேட்காமல் பெயர் தேடுவது வீண் வேலை. இந்தோனேசியாவிலோ பிஜியிலோ எடுத்த பாறையில் பொசிலோபோரா என்னும் பவளம் இருக்கலாம், ஸ்டைலோபோரா இருக்கலாம். ஃபுளோரிடாவிலிருந்து வந்த பாறையில் அவை இரண்டும் இருக்காது, ஏனென்றால் கரீபியன் பகுதியில் இன்று அவை வாழ்வதில்லை. அட்லாண்டிக் பவளங்களும் பசிபிக் பவளங்களும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் வம்சம் வேறு. 2004இல் நேச்சர் இதழில் வந்த மரபணு ஆய்வு ஒன்று இதை உறுதிசெய்தது. ஃபேவியா என்று இரண்டு பெருங்கடலிலும் ஒரே பெயரில் அழைத்துவந்த பவளங்கள் நெருங்கிய உறவினரே அல்ல என்று அது காட்டியது. கூட்டின் வடிவத்தை மட்டும் பார்த்து நூறாண்டுக்கு மேலாக எழுதிவைத்த வகைப்பாட்டைப் பல இடங்களில் திருத்த வேண்டி வந்தது. பசிபிக்கின் ஃபேவியாக்களுக்கு இப்போது டிப்சாஸ்ட்ரியா என்று பெயர். பழைய கையேட்டை வைத்துக்கொண்டு இனப்பெயர் வரை அடித்துச் சொல்பவர்களிடம் நான் எச்சரிக்கையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு நன்றாகத் தெரிந்த பாறை ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில், மெக்சிகோ வளைகுடாவில் வளர்க்கும் பாறை. வளர்க்கும் பாறை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அங்கே இயற்கைப் பாறையையே கடலடியிலிருந்து பெயர்த்து எடுத்து விற்றார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிக் கடற்பகுதியில் அது 1997 ஜனவரி 1 முதல் நின்றது. அதன்பின் கடலடியில் குத்தகைக்கு இடம் வாங்கி, கரையிலிருந்து சுண்ணாம்புக்கல்லைக் கொண்டுபோய்க் கொட்டி, சில வருடம் காத்திருந்து எடுக்கிறார்கள். கொட்டும் கல், அந்த இடத்து இயற்கைக் கல்லிலிருந்து பிரித்தறியக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. மனிதர் வைத்த கல் எது, கடல் வைத்த கல் எது என்று அதிகாரி பார்த்தவுடன் சொல்ல முடிய வேண்டும். கடல் வெறுங்கல்லில் எப்படிக் குடியேற்றம் செய்கிறது என்று அறிய விரும்புகிறவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. போட்ட நாள் தெரியும், எடுத்த நாள் தெரியும், இடையில் வந்தவை எல்லாம் தாமாக நீந்தி வந்தவை.

அந்தப் பாறையில் அடிக்கடி காண்பது ஃபிலாஞ்சியா அமெரிக்கானா என்னும் சிறு கிண்ணப் பவளம். பாறையின் அடிப்பக்கத்தில், நிழலில், பாலிப்புகள் எனப்படும் அதன் தனித்தனி உடல்கள் ஐந்தாறு நெருக்கமாக இருக்கும். பகலில் பார்த்தால் பழுப்பான சதை மட்டும் தெரியும். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பு விளக்கு பொருத்திய கைவிளக்கோடு போய்ப் பாருங்கள். கண்ணாடி நிறத்தில் நீட்சிகள் வெளியே வந்திருக்கும். ஒவ்வொரு நீட்சியின் மேலும் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். அவை கொட்டும் செல்களின் தொகுப்புகள். இப்போது ஒரு மெல்லிய குழாயால் அதன் மேல் மெதுவாக நீரைப் பீய்ச்சுங்கள். நீட்சிகள் உள்ளே போகும், சதை கீழே இறங்கும், இறங்கிய சதையின் வழியாக வட்டமான வெள்ளை விளிம்பு ஒன்று தெரியவரும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தகடுகள் ஓடுவதைக் காணலாம். குறுக்கே வெட்டிய எலுமிச்சம்பழத்தில் சுளைகளைப் பிரிக்கும் கோடுகள் இருக்குமே, அந்த அமைப்பு. அந்தத் தகடுகளைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் வாதம் முடிந்தது. அது கற்பவளம்.

இந்த ஃபிலாஞ்சியாவைத்தான் பலர் ஐப்டேசியா என்று நினைத்துச் சுண்ணாம்புக் கரைசலை ஊசியால் ஏற்றிக் கொன்றுவிடுகிறார்கள். ஐப்டேசியா என்பது பழுப்பு நிறக் கண்ணாடிக் கடல் சாமந்தி. தொட்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் பயப்படும் ஒன்று. இரண்டுக்கும் பழுப்புநிற உடல், ஒளி ஊடுருவும் நீட்சி, நிழல் பிடிக்கும் குணம். படத்தில் இரண்டையும் பிரிப்பது கஷ்டம். நேரில் அரை நிமிடம் போதும். நீரைப் பீய்ச்சினால் ஐப்டேசியா ஒரே இழுப்பில் ஓட்டைக்குள் மறைந்துவிடும், அங்கே பாறையின் துளை மட்டும் இருக்கும். ஃபிலாஞ்சியா எங்கேயும் போக முடியாது. அதன் கிண்ணம் பாறையோடு ஒன்றாக ஒட்டியிருக்கிறது. சுருங்கினாலும் கிண்ணம் வெளியே தெரிந்துகொண்டிருக்கும். ஐப்டேசியாவின் நீட்சிகள் நுனியை நோக்கிக் கூர்மையாகிக்கொண்டே போகும், மேலே வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக இருக்காது. இன்னொன்று, கடல் சாமந்தி நடக்கும். ஒரே கோணத்தில் வாரம் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் இடம் மாறியதா என்று தெரிந்துவிடும். கற்பவளம் இடம் மாறாது.

கொல்வதற்கு முன் பார்க்கச் சொல்வதால் ஐப்டேசியாவைக் காப்பாற்ற நினைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது தொட்டியை நிரப்பிவிடும். பிய்த்து எடுக்கப் போனால் பாதத்தின் ஒரு துணுக்கு பாறையில் தங்கினாலும் அதிலிருந்து புதிதாக ஒன்று வளரும். அதை உண்ணும் பெர்கியா என்ற சிறு கடல்நத்தையை விடுவது, சில வகை பெப்பர்மிண்ட் இறால்களை விடுவது எல்லாம் நல்ல வழிகள். ஆனால் இந்த உயிருக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. பவளத்தின் உடலுக்குள் நுண்பாசி எப்படிக் குடியிருக்கிறது, வெப்பம் ஏறினால் ஏன் வெளியேறுகிறது என்று ஆராயும் ஆய்வகங்களில் இதே ஐப்டேசியாதான் மாதிரி உயிரி. சுலபமாக வளர்கிறது, கூடு இல்லாததால் கையாள வசதி, பாசியை வெளியேற்றிவிட்டு மறுபடி குடியேற்றவும் முடிகிறது. பவள வெளிறலைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் கணிசமான பகுதி இந்தக் களையிடம் கற்றது.

கூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். இதற்கு விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் சொல்லியாக வேண்டும். சில பவளங்களுக்குக் கூடு இருக்கும், ஆனால் கற்பவளக் குடும்பம் அல்ல. நெருப்புப் பவளம் எனப்படும் மில்லிபோராவின் மேல்பரப்பில் கிண்ணமே இருக்காது, வழவழப்பான மேற்பரப்பில் ஊசிமுனை அளவுத் துளைகள்தான் இருக்கும். தொட்டால் கை எரியும். அது ஹைட்ராவின் உறவினர். செங்குழாய்ப் பவளமான டியூபிபோராவுக்குச் சிவப்புக் கூடு, நீலப் பவளமான ஹீலியோபோராவுக்கு நீலக் கூடு. இவை இரண்டும் எட்டு நீட்சிக்காரர்கள்.

எட்டு என்ற எண்ணுக்கு இப்போது வருகிறேன். இதற்கு முந்நூறு வருடம் பின்னால் போக வேண்டும், ஏனென்றால் இன்று நீங்கள் தொட்டியின் முன் நின்று செய்யும் வேலையை அன்று ஒருவர் செய்திருக்கிறார். இத்தாலியரான லுயிஜி ஃபெர்டினாண்டோ மார்சிலி படைத்தலைவராக இருந்தவர். பிரான்சின் தென்கரையில் கடலாராய்ச்சியில் இறங்கினார். 1706இல் மீனவர்கள் எடுத்த சிவப்புப் பவளக் கிளை ஒன்றைக் கடல்நீர் நிரம்பிய பாத்திரத்தில் போட்டு வைத்தார். சற்று நேரத்தில் கிளை முழுவதும் வெண்ணிறப் பூக்கள் விரிந்தன. ஒவ்வொன்றிலும் எட்டு இதழ். வெளியே எடுத்தால் அவை மூடிக்கொண்டன, நீரில் விட்டால் மறுபடி விரிந்தன. பவளம் செடி என்பதற்குப் பூவே சாட்சி என்று அவர் எழுதினார். அவர் பார்த்தது சரி, எண்ணியதும் சரி. ஆனால் பூ என்று பெயரிட்டதுதான் தவறு.

சில வருடம் கழித்து, 1720களில், மார்சேயைச் சேர்ந்த ழான் ஆந்த்ரே பெய்சொனெல் என்ற மருத்துவர் அதே பவளத்தைப் பாத்திரத்தில் வைத்து மிகப் பொறுமையாகக் கவனித்தார். தொட்டால் அந்தப் பூக்கள் சுருங்குவதையும், கடல் சாமந்தியைப் போலவே நடந்துகொள்வதையும், செத்தால் அழுகி மீன்நாற்றம் அடிப்பதையும் கண்டார். இவை பூக்கள் அல்ல, விலங்குகள் என்று எழுதி அனுப்பினார். பாரிஸ் அறிவியல் கழகத்தில் அதை எடுத்துச் சொன்ன ரெயோமூர், இப்படி ஒரு கருத்தைச் சொன்னவருக்கு மானக்கேடு வந்துவிடக் கூடாது என்று ஆசிரியர் பெயரையே மறைத்துவிட்டார். 1740களில் ட்ரெம்ப்ளே நன்னீர் ஹைட்ராவைப் பற்றி வெளியிட்ட பிறகுதான் அறிஞர்கள் மனம் மாறினார்கள். பெய்சொனெலுக்குப் பவளத்தின் நிறமும் வடிவமும் உதவவில்லை. சுருங்கியதும் நாறியதும்தான் உதவின. நடத்தையைப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அவரிடமிருந்து எடுத்த பாடம்.

மார்சிலி எண்ணிய எட்டு இன்றும் செல்லும். பாலிப்பின் வாயைச் சுற்றிச் சரியாக எட்டு நீட்சிகள் இருந்து, ஒவ்வொரு நீட்சியின் இரு ஓரத்திலும் பொடிக் கிளைகள் வரிசையாக இருந்தால், அது எட்டு நீட்சிப் பவளம். மென்பவளம், கடல் விசிறி, சிவப்புப் பவளம் எல்லாம் இந்தக் கூட்டத்தில் வரும். உயிர்ப்பாறையில் ஒட்டி வருகிறவற்றில் இந்தக் கூட்டம் அதிகம். ஊதா நிறத்தில் ரப்பர் விரிப்பு போன்ற அடித்தளம், அதிலிருந்து எழும் பச்சைப் பாலிப்புகள், தொட்டால் விரிப்புக்குள் முழுவதுமாகப் போய்விடும் என்றால் அது பிரையேரியம், கடைக்காரர் மொழியில் கிரீன் ஸ்டார் பாலிப். நீட்சிகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருந்தால் செனியாவாக இருக்கலாம். ஆனால் துடிக்காத செனியாக்களும் உண்டு. எண்ணுவதற்கு அதிகாலையில் விளக்கு வருமுன் போங்கள். பாதி விரிந்த நிலையில்தான் நீட்சிகள் தனித்தனியாகத் தெரியும்.

எட்டு இல்லை, ஆறின் மடங்காகவோ எண்ணற்றதாகவோ இருக்கிறது, கூடும் இல்லை என்றால் என்ன செய்வது? இங்கேதான் உண்மையான தலைவலி. மூன்று கூட்டங்கள் எஞ்சுகின்றன. கடல் சாமந்தியைப் பார்த்துவிட்டோம். காளான் பவளம் எனப்படும் கூட்டம் தட்டையான வட்டு போல இருக்கும், சிறு நீட்சிகள் வட்டின் மேலேயே நடுவிலிருந்து ஓரம் வரை ஆரக்கோடுகளாக அமைந்திருக்கும், அல்லது வெறும் முடிச்சுகளாக இருக்கும். தொட்டால் மெதுவாகத்தான் சுருங்கும். ஃபுளோரிடாவின் ரிகார்டியா இதில் அழகானது. இரவில் மட்டும் விரிந்து நீட்சியின் நுனியில் ஆரஞ்சு நிற உருண்டையோடு நிற்கும் சூடோகோரினாக்டிஸ் என்பதும் இந்தக் கூட்டம்தான். உருண்டைச் சாமந்தி என்று அதைத் தவறாகச் சாமந்திக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

மூன்றாவது கூட்டம் சோவாந்திட்கள். ஒரே அடித்தளத்தில் பல பாலிப்புகள், ஒவ்வொன்றின் தட்டு விளிம்பிலும் இரண்டு வரிசை நீட்சிகள், உள்வரிசை வெளிவரிசை மாறி மாறி. நடுவில் உள்ள தட்டு வெறுமையாக, நீட்சி எதுவும் இல்லாமல் இருக்கும். காளான் பவளத்திலிருந்து இதைப் பிரிக்கும் அடையாளம் இதுதான். இந்தக் கூட்டத்தில் பாலித்தோவா என்னும் பேரினம் மணலை எடுத்துத் தன் உடல் சுவருக்குள் பதித்துக்கொள்ளும், அதனால் சொரசொரப்பாக இருக்கும். சோவாந்தஸ் அப்படிச் செய்யாது, உடல் வழவழப்பாக இருக்கும்.

இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது உயிர் சம்பந்தப்பட்டது, ஆகவே இதில் சற்று நேரம் செலவிடுகிறேன். பாலித்தோவா இனங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் நஞ்சு இருக்கிறது. ஹவாய் தீவுகளில் மாவி தீவின் ஹானா பகுதியில் ஒரு பாறைக்குட்டையில் வளரும் உயிரை ஈட்டி முனையில் தடவினால் மரணம் நிச்சயம் என்று பழங்குடி மக்களிடம் நெடுங்காலமாக வழங்கி வந்தது. அதைத் தேடிப்போன ஆய்வாளர்கள் 1971இல் அந்த நஞ்சைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். இயற்கையில் கிடைக்கும் புரதமல்லாத நஞ்சுகளில் மிகக் கொடியவற்றுள் இதுவும் ஒன்று. தொட்டிப் பாறையைக் கொதிநீரில் போட்டோ, பிரஷ் வைத்துத் தேய்த்தோ சுத்தம் செய்யப்போனால் நஞ்சு நீராவியோடும் தெறிக்கும் துளியோடும் காற்றில் ஏறும். 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்ட்ஷயர் பகுதியில் ஒரு வீட்டில் அப்படிச் சுத்தம் செய்தபோது குடும்பமே நோயுற்று மருத்துவமனைக்குப் போனது, உதவிக்கு வந்த அவசரப் பணியாளர்கள் சிலரும் போக வேண்டியிருந்தது. எனவே தெளிவாகச் சொல்கிறேன். சோவாந்திட் இருக்கும் பாறையைக் கொதிக்க வைக்காதீர்கள். வெறுங்கையால் பிய்க்காதீர்கள், கையில் வெட்டுக்காயம் இருந்தால் அருகிலேயே போகாதீர்கள். கையுறை, கண்கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் வேண்டும். எந்த இனம் என்று தெரியாவிட்டால் பாலித்தோவா என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பவளமே இல்லாத சிலவும் பவளம் என்ற பெயரில் என்னிடம் படமாக வருகின்றன. சிவப்பான சிறு முகடுகள், கல்போன்ற கடினம், ஆனால் பாலிப் எப்போதும் விரிவதில்லை என்றால் அது ஹோமோட்ரீமா, ஒற்றைச் செல் உயிரி கட்டிய கூடு. பெர்முடாவின் இளஞ்சிவப்பு மணலுக்கு நிறம் தருவது இதுதான். இளஞ்சிவப்பும் ஊதாவுமாகப் பாறையில் படிந்திருக்கும் அடுக்கு சுண்ணாம்புப் பாசி. சுருண்ட சிறு வெள்ளைக் குழாய்கள் குழாய்ப்புழுக்கள். பழுப்பாகக் கொத்துக் கொத்தாக நிற்கும் சிறு பாலிப்புகள் ஹைட்ராய்டாகவும் இருக்கலாம். லென்ஸ் இல்லாமல் இவற்றில் நேரம் வீணாக்க வேண்டாம்.

நிறத்தைக் கடைசியில் வைத்தேன். அது பயனற்றது என்பதால் வைக்கவில்லை, ஏமாற்றும் என்பதால் வைத்தேன். வெளிச்சம் குறைந்த கடையில் பழுப்பாக இருந்த பவளம், பலமான விளக்கின் கீழ் ஒரு மாதத்தில் பச்சையாகும். உடலுக்குள் இருக்கும் நுண்பாசியின் அளவும், பவளம் தானே உண்டாக்கும் ஒளிரும் புரதங்களின் அளவும் மாறுவதால் இப்படி நடக்கும். ஆனால் அந்த ஒளிரும் புரதங்களே ஒரு நல்ல கருவியாகவும் பயன்படும். இரவில் நீல விளக்கைப் பாய்ச்சி, கண்ணுக்கு மஞ்சள் வடிகட்டி போட்டுக்கொண்டு பாறையைப் பாருங்கள். சாதாரண வெளிச்சத்தில் தெரியாத, சில மில்லிமீட்டரே உள்ள இளம் பவளங்கள் பச்சையாக மின்னும். பவளப்பாறைகளில் புதிதாகக் குடியேறிய குஞ்சுகளைத் தேட ஆய்வாளர்கள் கடலுக்கடியில் இந்த முறையைக் கையாள்கிறார்கள். எனக்குப் பிடித்த வேலை இதுதான். ஆனால் மின்னுவதெல்லாம் பவளம் அல்ல. கடல் சாமந்தியும் காளான் பவளமும் சோவாந்திட்டும்கூட மின்னும். மின்னிய இடத்தைக் குறித்துக்கொண்டு, காலையில் லென்ஸோடு போய்த் தகடுகளைத் தேடுவதுதான் சரி.

பாறையோடு வராமல் தொட்டிக்குள்ளேயே பிறப்பவையும் உண்டு. பசிபிக்கின் பொசிலோபோரா வகைகள் சில, பிளானுலா என்னும் இளவுயிரியைத் தம்முள்ளேயே வளர்த்து வெளியே விடும். அது நீந்தி, பாறையிலோ கண்ணாடியிலோ பம்ப் மேலோ ஒட்டிக்கொள்ளும். ஓரிரு மில்லிமீட்டர் வட்டம், அதில் ஒளி ஊடுருவும் சதைக்குக் கீழே பன்னிரண்டு தகடுகள். கண்ணாடியில் ஒட்டினால் அடியிலிருந்தே அதைப் பார்க்கலாம். கற்பவளத்தின் முதல் நாள் கட்டுமானத்தைக் கண்ணால் பார்க்க இதைவிட வசதி வேறில்லை. கண்ணாடியைச் சுரண்டும் முன் ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இனப்பெயர் வரை கண்டுபிடிக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் வேண்டாம், முடியவும் முடியாது. அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, கற்பவளங்கள் அனைத்தையும் தன் இரண்டாம் பட்டியலில் வைத்திருக்கிறது. உயிர்ப்பாறைக்கும் அதே அனுமதிச் சீட்டு வேண்டும். ஆனால் பாறையில் எந்த இனம் என்று சொல்ல முடியாது என்பதால், கற்பவள வரிசை என்று மட்டும் எழுதினால் போதும் என்று அந்த உடன்படிக்கையே ஏற்றுக்கொள்கிறது. பேரினம் வரை போனால் நாம் நன்றாகவே வேலை செய்திருக்கிறோம்.

இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் அறிய வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001 முதல் பவளப்பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளம், செங்குழாய்ப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் சேர்க்கப்பட்டிருக்கின்றன. புலிக்கு இருக்கும் பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவில் பாறைத்துண்டு எடுத்துத் தொட்டியில் வைக்க யாருக்கும் உரிமை இல்லை, எடுத்து விற்கிறேன் என்று வருகிறவரிடம் வாங்கவும் கூடாது. தூத்துக்குடிக் கரையில் சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் முருகைக்கல் வெட்டினார்கள். அங்கே தேசியப் பூங்காவாக 1986இல் அறிவித்த இருபத்தொரு தீவுகளில் இரண்டு இன்று நீருக்கடியில் போய்விட்டன. பாறை வெட்டியதும் அதற்கு ஒரு காரணம். எந்தப் பொழுதுபோக்குக்காகவும் அந்தக் கணக்கில் இன்னொரு துண்டு சேர்வதை என்னால் ஏற்க முடியாது. செயற்கைப் பாறையை வைத்து, சட்டப்படி வளர்த்த பவளத் துண்டுகளைச் சேர்த்துத் தொட்டி அமைக்கலாம். அந்தத் துண்டுகளின் அடியிலும் ஏதாவது ஒட்டி வரும், கவலைப்படாதீர்கள்.

வேண்டாததை எங்கே போடுவது என்பதையும் சொல்லி முடிக்கிறேன். டியூபாஸ்ட்ரியா காக்சினியா என்னும் ஆரஞ்சு நிறச் சூரியப் பவளம் இந்தோ பசிபிக் கடலுக்குரியது. உடலில் பாசி கிடையாது, வெளிச்சம் தேவையில்லை, நிழலிலும் இரவிலும் இரை பிடித்து வாழும். தொட்டிக்காரர்கள் ஆசையாக வளர்ப்பது. 1943இல் கரீபியனில் கியூராசோ, போர்ட்டோ ரிகோ பகுதிகளில் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. கப்பல்களின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்ததாகவே கருதுகிறார்கள். பின்னர் எண்ணெய்த் துரப்பண மேடைகள் வழியாகப் பிரேசில் வரை போய், அங்கே உள்ளூர்ப் பவளங்களை நெருக்கித் தள்ளுகிறது. இடம் மாறிய ஒரு பவளம் என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆகவே தொட்டியிலிருந்து எடுத்த பாறையையோ, பவளத்தையோ, ஐப்டேசியாவையோ, தொட்டி நீரையோ கடலிலும் கழிமுகத்திலும் ஆற்றிலும் விடாதீர்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத உயிர் எதுவும் நம் கரைக்குப் போகக் கூடாது.

வெளியே மேசையில் பெரிதாக அச்சிட்ட படங்கள் சிலவற்றை வைத்திருக்கிறேன். பெயர் எழுதவில்லை. லென்ஸும் இருக்கிறது. நீட்சிகளை எண்ணிவிட்டு வந்து சொல்லுங்கள், பேசலாம்.